மாதம் ஒரு புத்தகம்: பிள்ளைகளை என்ன செய்யச் சொல்லலாம்?

வணக்கம். நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் மாதம் ஒரு கதைப் புத்தகம் படித்து, அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும். முதல் மாதம் கதைச்சுருக்கம் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் பின்னட்டையைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். அடுத்த மாதம் ஷூ பெட்டிக்குள் ஒரு காட்சியைச் செய்யச் சொன்னதும் வகுப்பே மாறிப்போனது. வாயே திறக்காத ஒரு பையன் தீக்குச்சியில் ஏணி ஒட்டிக்கொண்டு வந்து, "நரி இதுல ஏறித்தான் தப்பிச்சது மிஸ்" என்று பத்து நிமிஷம் பேசினான்!

கதாபாத்திரத்துக்குக் கடிதம், காகிதப் பை பொம்மை இரண்டும் யோசித்து வைத்திருக்கிறேன். இன்னும் 6 மாதத்துக்கு வேண்டும். பெற்றோர் செய்து கொடுத்தனுப்புகிற மாதிரி இல்லாமல், வகுப்பிலேயே 2 பீரியடில் முடிய வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களும் கூச்சமில்லாமல் செய்யணும். நீங்கள் செய்து பார்த்தது எதுவானாலும் சொல்லுங்களேன்.