மறுபடி தேயிலைக் கொழுந்தெடுக்க முடியுமா?

கேள்வி (பொகவந்தலாவை):
மார்புப் புற்றுநோய்க்கு இடது பக்கம் ஆபரேஷன் செஞ்சு, அக்குள் நெறிகட்டியும் எடுத்தாங்க. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில கீமோ முடிஞ்சு நாலு மாசம். 18 வயசுல தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சவ நான். காலையில வேலை பிரிச்சுக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆளுங்க போற சத்தம் கேட்டா லயத்து வீட்டுல உட்கார முடியல. மறுபடி கூடை தூக்கலாமா, அக்காமாரே?

பதில் (அட்டன்):
தங்கச்சி, எனக்கும் அதே பக்கந்தான். பாரம் கொஞ்சங்கொஞ்சமாத்தான், டாக்டர்கிட்ட கேட்டுட்டு. தேயிலைக் குச்சி கீறினா உடனே சோப்புப் போட்டுக் கழுவிருங்க. நெறி எடுத்த பக்கத்துக் கை வீங்கிரக்கூடாதுல்ல, அதான் ஊசி, பிரஷர் எல்லாம் மத்தக் கையில. கை மேல தூக்க வரணும்னு நான் தினமும் சுவத்துல விரலால ஏறி ஏறிப் பழகினேன். மேல் தட்டுல இருந்த ரொட்டிக்கல்லை எட்டி எடுத்த அன்னைக்கு அழுதுட்டேன்.

பதில் (பண்டாரவளை):
கை கனத்தா, வீங்கினா காத்திருக்காம கிளினிக் போங்கம்மா.

கேட்டவர்:
நேத்து வாசல்ல கறிவேப்பிலை பறிச்சேன் அக்கா. இடது கையாலதான்.