அபாகஸ் (ஸ்ட்ரெஸ் கணக்கிடும் மென்பொருள்): சுவர்த் தடிமன் வழியே பாத் (மதிப்பு எடுக்கும் கோடு) போட்டால் கிராஃபில் ஒரே புள்ளி

கேள்வி (பீன்யா, பெங்களூரு):
ஏர் ரிசீவர் (அழுத்தக் காற்றுத் தொட்டி) உருளை ஷெல். உள் ஆரம் 300 மி.மீ., தடிமன் 12, உள் அழுத்தம் 2 எம்பிஏ (மெகாபாஸ்கல்). சி3டி8ஆர் எலிமென்ட் (8 நோட், அதாவது மூலைப்புள்ளி, கொண்ட கட்டம்), தடிமனில் 2 அடுக்கு, சுற்றுவாட்டில் ஒவ்வொன்றும் 20 மி.மீ. நாசிலுக்கு (குழாய் இணையும் வாய்) தள்ளி, 30 டிகிரியில் பாயின்ட் லிஸ்ட் பாத்: (259.8, 150) முதல் (270.2, 156) வரை. எக்ஸ்ஒய் டேட்டாவில் எஸ்11 (1-ம் திசை ஸ்ட்ரெஸ்) எடுத்தால் உள்முனையில் ஒரு புள்ளிதான் வருகிறது, 11.5 எம்பிஏ. வெளிமுனைக்கு மதிப்பே இல்லை. நாளை ரிவ்யூ சார், உதவுங்க.

பதில் 1:
உங்க வெளிமுனை மெஷ்ஷுக்கு (எலிமென்ட் வலைக்கு) வெளியே நிக்குது. கேட் (வரைபட) மாடல்ல வெளிச்சுவர் வளைவு, மெஷ்ல நேர்கோடு. 20 மி.மீ. நாணுக்கு 312 ஆரத்துல இடைவெளி 20²/(8×312), அதாவது 0.16 மி.மீ. உள்பக்கம் இதே விலகல் மெஷ்ஷைத் துளைக்குள்ள தள்ளுது, அதனால அந்த முனை தப்பிச்சுது. மெஷ்ஷுக்கு வெளியே இருக்கிற புள்ளிக்கு அபாகஸ் மதிப்பு தராது.

டூல்ஸ் → பாத் → கிரியேட்ல நோட் லிஸ்ட் எடுத்து, ஒரே கோணம், ஒரே உயரத்துல உள் நோட் ஒண்ணு, வெளி நோட் ஒண்ணு சொடுக்குங்க. ட்ரூ டிஸ்டன்ஸ் 12ல முடியணும்; கூடினா பாத் சாய்வா போகுது. ரீமெஷ் பண்ணா நோட் எண் மாறிடும், மறுபடி தேர்வு செய்யணும். சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறேன், மிச்சத்தை வேற யாராவது சொல்லுங்க.

கேட்டவர்:
12ல் முடிகிறது, நன்றி. ஆனால் இரண்டே புள்ளி, நடுவே நேர்கோடு. உள்முனையில் அதே 11.5தான். உள் அழுத்தம் 2 என்பதால் −2 வர வேண்டாமா?

பதில் 2:
இரண்டே புள்ளி வருவதற்குக் காரணம், பாத் பாயின்ட்ஸ் மட்டும் தேர்வாகியிருப்பது. இன்க்ளூட் இன்டர்செக்‌ஷன்ஸ் டிக் செய்தால் அடுக்குகளின் எல்லையிலும் மதிப்பு கிடைக்கும். மாடல் ஷேப்பை அன்டிஃபார்ம்டில் வையுங்கள். யூனிஃபார்ம் ஸ்பேசிங்கில் நூறு இடைவெளி கொடுத்தாலும் நோட் மதிப்புகளுக்கு நடுவே நிரப்புவதுதான். புதிதாக ஒன்றும் தெரியாது.

11.5 பிழையல்ல. எஸ்11 குளோபல் எக்ஸ் திசை. 30 டிகிரியில் ஆரத் திசை ஸ்ட்ரெஸ்ஸில் முக்கால் பங்கும் ஹூப்பில் (சுற்றுவாட்டு ஸ்ட்ரெஸ்) கால் பங்கும் அதில் கலந்திருக்கும். டூல்ஸில் உருளை ஆய முறை ஒன்றை உருவாக்கி, ரிசல்ட் → ஆப்ஷன்ஸ் → டிரான்ஸ்ஃபர்மேஷனில் யூசர்-ஸ்பெசிஃபைட் என்று அதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் எஸ்11 ஆரத் திசை, எஸ்22 ஹூப்.

அப்போதும் −2 வராது, சுமார் −1.5 வரும்; வெளியே 0க்குப் பதில் −0.5. சி3டி8ஆருக்கு ஒரே இன்டக்ரேஷன் புள்ளி (ஸ்ட்ரெஸ் கணக்கிடும் இடம்), எலிமென்ட் நடுவில். உங்கள் இரு அடுக்குகளுக்கு அது 303, 309 ஆரத்தில் விழுகிறது, அந்த மதிப்பையே மேற்பரப்பு நோடுக்கும் ஒட்டிவிடுகிறது. லாமே கணக்கில் (தடித்த உருளைக்கான சூத்திரம்) ஹூப் உள்ளே 51.0, வெளியே 49.0, உங்களுக்கு 50.5, 49.5 வரும். இங்கே வித்தியாசம் சில்லறைதான். நாசில் சந்திப்பில் வளைவு (பெண்டிங்) ஸ்ட்ரெஸ் கூடும்போது இதே குறை மேற்பரப்பு ஸ்ட்ரெஸ்ஸை நன்றாகவே குறைத்துக் காட்டும். அங்கே சி3டி20ஆர் (20 நோட் கொண்ட இருபடி எலிமென்ட்) போடுங்கள். நேரியல் எலிமென்ட்தான் வேண்டுமென்றால் தடிமனில் குறைந்தது நாலு அடுக்கு.

கேட்டவர்:
உருளை ஆயத்தில் −1.5, −0.5 அப்படியே வந்தது. சி3டி20ஆரில் ரன் போட்டிருக்கிறேன்.

பதில் 1:
பாத் அந்த செஷனோடதான் இருக்கும். மூடுறதுக்கு முன்னாடி ஃபைல் → சேவ் செஷன் ஆப்ஜெக்ட்ஸ்ல சேமிச்சுடுங்க.