அரச போன்சாய் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டிவிட்டது, பிழைக்குமா?

தக்கலை மாடித்தோட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். பழைய வீட்டை இடித்தபோது கிணற்றுச் சுவர் வெடிப்பில் விரல் தடிமனில் ஒரு அரசங்கன்று நின்றது. அம்மாவுக்கு அதைப் பிடுங்கி எறிய மனசு வரவில்லை, ஒரு வாளியில் நட்டு வைத்தார். அம்மா போன பிறகு நான்தான் வளர்க்கிறேன். போன வருடம் குட்டி மரமாக (போன்சாய்) வளர்க்க, வேரை வெட்டி ஆழமில்லாத தட்டுக்கு மாற்றினேன். இந்தத் தை பிறந்ததும் இலை மஞ்சளாகி, பத்தே நாளில் மொத்தமும் கொட்டிவிட்டது. வீடியோக்களில் அக்டோபரில் உதிரும், பனியில் தூங்கும் என்கிறார்கள். நம்மூரில் ஏது பனி? பயத்தில் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். முந்தாநாள் ஒரு பிடி கடலைப் புண்ணாக்கும் போட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதை நான் இழக்கக் கூடாது.

குலசேகரம் பால்வெட்டு:
தங்கச்சி, முதலில் தண்ணீரைக் குறையுங்கள். எங்கள் ஊரில் இப்போது ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தால் கணுக்கால் அளவு சருகு கிடக்கிறது, ரப்பர் பால் வெட்டுவதையும் நிறுத்திவிட்டோம். அரச மரத்துக்கும் இதுதான் ஓய்வு நேரம். இருபது வருடமாக ரப்பரைப் பார்த்துத்தான் போன்சாய்க்கு நாள் குறிக்கிறேன். வீடியோவில் வருகிற மரங்களைக் குளிர் உதிர்க்கிறது. இங்கே மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும்போது மரம் தானே இலையை விடுகிறது. நமக்கு அக்டோபர் என்றால் ஐப்பசி மழை.

சின்னக் கிளை ஒன்றில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்து ஒரு சொட்டுப் பால் கசிந்தால் உயிர் இருக்கிறது.

மண்ணிலிருக்கும் ஈரத்தை இழுப்பது இலைதான். இலையே இல்லாதபோது தினம் இரண்டு தடவை ஊற்றினால் வேர் நனைந்தபடியே கிடந்து அழுகும். மூங்கில் குச்சியைத் தட்டின் அடிவரை குத்திப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சியில் ஈரக்கறை இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். புண்ணாக்கையும் அள்ளி எடுத்துவிடுங்கள், இலை விரிந்து முற்றிய பிறகு போடலாம்.

அரசின் மொட்டு கூராக, உறைக்குள் சுருண்டிருக்கும். அது பருத்து உறை பிளக்கப் போகிற அந்த வாரம்தான் தட்டு மாற்ற நல்ல நேரம். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காதீர்கள். நான் செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, அந்தக் கல்லைப் பாதி போடுவேன். மீதிக்குப் பருமணலும் மக்கிய சாணியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியிலும் ஐப்பசியிலும் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஓட்டுத்துண்டு வைத்து, தண்ணீர் வடியும்படி சரித்துவிடுங்கள். அப்படிச் செய்யாமல் ஒரு அத்தியை இழந்தேன். தட்டைக் கவிழ்த்தபோது வேரெல்லாம் கறுத்து, விரல் பட்டதும் தோல் உருவிக்கொண்டு வந்தது. எட்டு வருடம் வளர்த்த மரம். இன்னும் மனசு ஆறவில்லை.

ஆரல்வாய்மொழி காற்று:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆடியில் குலசேகரத்தில் மழை கொட்டும்போது எங்களுக்குக் காற்றுதான். மதியத்துக்குள் தட்டு காய்ந்து, இலை நுனி கருகிவிடும். அதனால் மாதத்தைப் பார்க்காதீர்கள், அந்தக் குச்சியைப் பாருங்கள். எனக்குக் குளிர்நாட்டு மரமான மேப்பிள் மேல் ஆசை வந்து ஆன்லைனில் வாங்கியதும் உண்டு. ஒழுங்கான குளிர் ஓய்வு கிடைக்காமல் அது வருடா வருடம் மெலிந்தே போனது. நம்மூர் வெயிலில் வளர்ந்த அரசு, அத்தி, நெல்லி போதும் அக்கா.

தக்கலை மாடித்தோட்டம்:
அண்ணே, கீறினேன், பச்சை! பால் வந்தது. இரண்டு கிளை நுனி மட்டும் காய்ந்திருந்தது, வெட்டிவிட்டேன். இன்று மாசி 20. ஒரு மொட்டு உறையைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறது. இலை என் சுண்டுவிரல் நகம் அளவுதான், செம்பு நிறம், எண்ணெய் தடவியது மாதிரி மினுமினுப்பு. ஆனால் அந்த வால்நுனி இப்போதே இருக்கிறது. கண் கலங்கிவிட்டது. தட்டை இப்போது மாற்றட்டுமா?

குலசேகரம் பால்வெட்டு:
சந்தோஷம் தங்கச்சி. போன வருடம்தானே வேரை வெட்டினீர்கள், இந்த வருடம் தொடாதீர்கள். வெயில் ஏற ஏற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கிளையை வளைக்கக் கம்பி ஏதாவது கட்டியிருந்தால் வாரம் ஒருமுறை பாருங்கள், தளிர்விடும்போது சீக்கிரம் பட்டையில் பதிந்துவிடும்.