நொபொரு கராஷிமா பெயர்களை எண்ணியது வரலாறாகுமா?

தேவகோட்டை வாசகர்:
வரலாற்றாய்வாளர் கராஷிமா மீது எனக்கு மதிப்புக் குறைவில்லை. ஜப்பானிலிருந்து 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, தமிழ் கற்று, 2015இல் மறையும்வரை நம் கல்வெட்டுகளோடு வாழ்ந்தவர். ஆயினும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் எண்ணி அட்டவணையிட்டுச் சமூக வரலாற்றை எழுதிய அவர் வழியை என்னால் ஏற்க இயலவில்லை. கோயிலுக்குக் கொடுத்தவரும், நிலம் விற்றவரும் வாங்கியவருமே கல்லில் ஏறினார்கள். நாற்று நட்டவர் ஏறவில்லை.

காரைக்குடி ஆச்சி:
ஐயா, எங்கள் வீட்டுப் பெரியவரின் பர்மா வட்டிக்கடைப் பேரேடு ஒன்று, ஓரம் செல்லரித்த நிலையில் இருக்கிறது. ஒரு பக்கத்தைப் படித்தால் ஒருவருடைய அசலும் வட்டியும்தான் தெரியும். ஏடு முழுவதையும் வரிசையாகப் பார்த்தபோதுதான், 1930க்கு முன் கடன் பற்றில் இருந்த பெயர்கள், நெல்விலை சரிந்தபின் ஒவ்வொன்றாக, கடனுக்கு ஈடாக வந்த நிலத்தின் கணக்குக்கு மாறியிருப்பதைக் கண்டேன். கராஷிமாவும் அதைத்தான் செய்தார். திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, வேளாளர் ஊரான அல்லூரில் நிலம் பொதுவிலும், பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்களின் கையிலும் இருந்ததை 1966இல் காட்டினார். பிற்காலச் சோழர் காலத்தில் தனியுடைமை எவ்வாறு பெருகியது என்ற கேள்விக்கு அதுவே அடிப்படையாயிற்று.

தேவகோட்டை வாசகர்:
ஆச்சி, பேரேட்டில் எல்லா வரவுசெலவும் ஏறும். கல்வெட்டோ கோயில் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. திருப்பணியில் புரட்டிப் போட்டுப் படிக்கட்டான கற்கள் எத்தனையோ. எஞ்சியதை எண்ணினால், எஞ்சியவற்றின் கணக்குத்தான் கிடைக்கும்.

காரைக்குடி ஆச்சி:
அந்தக் குறை உண்மைதான். ஆனால் எண்ணாமல் எழுதியவர்கள் அரசன் பெயரையும் போரையும் தாண்டியது அரிது. ஆய்வாளர்கள் சுப்பராயலு, மட்சுயி ஆகியோருடன் அவர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு, எந்தப் பெயர் எந்தக் கல்வெட்டில் வருகிறது என்று காட்டி, அவர் முடிவை நம்பாதவருக்கும் சரிபார்க்க வழி தந்தது. பாடுபட்டவரை அவர் பார்க்கவில்லை என்பதும் சரியன்று. 1429இல் வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுப்பினர் ஒன்றுகூடி, நிலவுடைமையாளரான காணியாளரும் அரசு அலுவலரும் சுமத்திய வரிக்கொடுமையை எதிர்த்து வெட்டுவித்த கல்வெட்டுகளை, சுப்பராயலுவோடு சேர்ந்து ஆராய்ந்தவர் அவர்.

தேவகோட்டை வாசகர்:
1429ஐ ஒப்புக்கொள்கிறேன். அங்கே அவருக்குக் கைகொடுத்தது எண்ணிக்கையன்று. ஒரு கல்லின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படித்த பொறுமை. அந்தக் கராஷிமாவைத்தான் நம் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்கிறேன்.