புதுப்பிப்பு: லீட்ஸில் தம்பிக்குப் பழைய கார் வாங்கியாச்சு

காரைக்குடியிலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன தம்பி எந்தப் பழைய காரை நம்பி வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டான், 2014 ஹோண்டா ஜாஸ்.

முதலில் பார்த்த வேறொரு வண்டி பளபளவென்று இருந்தது. நீங்கள் சொன்னபடி அதன் நம்பரைப் போட்டு அரசுத் தளத்தில் எம்ஓடி வரலாற்றைப் பார்த்தான். 3 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சோதனை அது, ஒவ்வொரு தடவையும் ஓடிய மைலையும் குறித்துவைக்கிறார்கள், பார்க்கக் காசு கிடையாது. மீட்டரில் 62,000, இரண்டு வருடத்துக்கு முந்தைய சோதனையிலோ 81,000! வயிற்றெரிச்சலாக இருந்தது, ஊருக்குப் புதுசாக வந்த பிள்ளையை இப்படியா ஏமாற்றுவது?

ஜாஸைப் பார்க்கும்போது இங்கே பட்டறை வைத்திருக்கும் மாமா வீடியோவில் கூடவே இருந்தார். "மாப்ள, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானெட்ல கை வச்சுப் பாரு, சூடா இருக்கா?" ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் கிளம்புவதில் உள்ள கோளாறு தெரியாதாம். அப்புறம் ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டச் சொன்னார், வெள்ளைக் கசடு இல்லை.

ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது: வண்டி கைமாறினால் பழையவர் கட்டிய சாலை வரி நமக்கு வராது. வரியும் இன்சூரன்ஸும் போட்ட பிறகுதான் தம்பி சாவியைத் திருப்பினான்.