தடை முடியும் வாரம்: வலை, படகு ஏற்றிய வண்டியை வழியில் மறித்த அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவர் பெயர்)

குளச்சல் லோடு வண்டி

மீன்பிடித் தடைக்காலம் முடிவது கிழக்குக் கரையில் ஜூன் 14, மேற்கில் ஜூலை 31. இந்த இரண்டு தேதிக்கும் முந்தைய வாரத்தில் வலை லோடு அடித்தவர்களுக்குத் தெரியும், ஆர்.டி.ஓ. ஆட்களும் அந்த வாரத்தைக் கணக்கு வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்துப் படகுகள் பாதிக்கு மேல் கேரளாவில் கொச்சியிலும் முனம்பத்திலும் கட்டிக் கிடக்கும். வலை மட்டும் ஊருக்கு வந்து, செப்பனிட்டு, திரும்ப லாரி ஏறும்.

போன சீசனில் களியக்காவிளை தாண்டியதும் கை காட்டினார்கள். ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருக்கிறது, எடையும் வண்டிக்குள் அடக்கம் என்று தெம்பாக இறங்கினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பரைத் தொடவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்து பக்கப் பலகைக்கு நேராக டேப்பைப் பிடித்தார். வலது பக்கம் வலை ஒரு சாண் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

காய்ந்த செவுள் வலைக்கு எடை ஒன்றும் இல்லை, இடம்தான் அடைக்கும். மிதவையோடு சேர்த்துக் குவித்தால் கயிறு போட்டு இறுக்க இறுக்க நடுவில் அமுங்கி ஓரத்தில் பிதுங்கும். பாடியை விட்டுப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ சரக்கு நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ)-ல் 20,000 ரூபாய். 2019 திருத்தத்தில் வந்தது. ஓவர்லோடுக்கும் அதே 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. நம் ஆட்கள் எடைக்குப் பயப்படுகிற மாதிரி நீள அகலத்துக்குப் பயப்படுவதில்லை.

நல்லவேளை, அவர் இறக்கி அடுக்கச் சொல்லி விட்டுவிட்டார். மழைத் தூறலில் மூன்று பேர் சேர்ந்து அடுக்கினோம். ஈயக்குண்டு கயிறு அடியில், அதன் மேல் வலை, மிதவை வரிசை உள்பக்கமாகத் திரும்பி இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் குத்துக்கால் நட்டு, பழைய வலைத் துண்டாலேயே சுற்றி இழுத்தால் தார்ப்பாயை விட நன்றாகப் பிடிக்கும். அதிகாரியைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் தொங்குகிற வலைக்கண்ணியில் பைக்காரன் ஹேண்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால், அவர் பக்கமும் நியாயம்தான்.

கடலூர் ஃபைபர்

அண்ணே, உங்களுக்கு ஒரு சாண். எங்களுக்கு ஒரு ஆள் நீளம்!

28 அடி ஃபைபர் படகை 17 அடி பாடி ஈச்சரில் ஏற்றி, அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கேபினுக்கு மேல் சாய்த்து, பின்னால் சிவப்புத் துணி கட்டி எடுத்துப் போவது எங்கள் பக்கம் பழகிப்போன காட்சி. புதுச்சேரி ரோட்டில் மறித்தபோது டிரைவர் அந்தச் சிவப்புத் துணியைத்தான் காட்டினார். கம்பி ஏற்றுகிறவர்கள் பின்னால் ஒரு மீட்டர் விடலாம் என்று இருந்த சலுகையை 2014-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது துணி கட்டினால் பின்னால் வருகிறவனுக்கு நல்லது, சலானுக்கு அது பதில் ஆகாது. 20,000 எழுதிவிட்டு, படகை இறக்கு என்றார்கள். நடுரோட்டில் படகை எங்கே இறக்க? கிரேனுக்கு ஆள் தேடி, நீளமான லாரி பிடித்து, பாதி நாள் போயிற்று. அந்த லாரியை முதலிலேயே பிடித்திருந்தால் வாடகை கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். படகு உரிமையாளர்தான் ஈச்சர் போதும் என்று நின்றார், சலானில் பங்கு கேட்டபோது போனை எடுக்கவில்லை.

முனம்பத்தில் தங்கல்

அபராதத்தை விடுங்கள். வலை மேல் தொழிலாளிகளை உட்காரவைத்துப் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

ஊரிலிருந்து கிளம்பும்போது பத்துப் பேர் வலைக் குவியலில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். பஸ் காசு மிச்சம், மெத்தை மாதிரி சுகம். ஒருமுறை கொல்லம் பக்கம் போலீஸ் எல்லோரையும் இறக்கி பஸ் ஏற்றிவிட்டது. அன்று எல்லோருக்கும் கோபம். பிறகு எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வேறொரு வண்டியில் அப்படிப் போய் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோதுதான் இன்சூரன்ஸ் விஷயம் தெரிந்தது. சரக்கு வண்டி பாலிசியில் டிரைவர், கிளீனர் போக, சரக்கோடு வருகிற உரிமையாளருக்கோ அவர் அனுப்பிய பிரதிநிதிக்கோ பாதுகாப்பு உண்டு. 1994-ல் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தார்கள். சும்மா தொற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. அந்தப் பையன் செலவை வண்டிக்காரரும் படகுக்காரரும் இன்னும் பங்கு போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள்.

வலைக்குச் சொந்தக்காரர் கேபினில் உட்காருங்கள். மற்றவர்கள் பஸ்ஸோ ரயிலோ.

நாகர்கோவில் வலை வியாபாரம்

நான் புது வலை அனுப்புகிறவன். என்னிடம் வருகிற சண்டை எல்லாம் ஈ-வே பில் சண்டை, சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற மின்னணுச் சீட்டுதான் அது.

தமிழ்நாட்டுக்குள் ராமேஸ்வரம், நாகை என்று போனால் சரக்கு மதிப்பு 1 லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் பில் வேண்டும். கேரளாவுக்குள் நுழைந்தால் 50,000 தாண்டினாலே வேண்டும். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் கணக்கு, ஆகவே கொச்சிக்கு இரண்டு நாள் கிடைக்கும். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால், கிளம்பும் முன் புது வண்டி எண்ணைப் பகுதி ‘பி’-யில் ஏற்றியாக வேண்டும். நெய்யாற்றின்கரையில் ஒரு டிரைவர் ராத்திரியில் மாற்றிவிட்டு எனக்குக் காலையில் சொன்னார். அதற்குள் ஜிஎஸ்டி ஸ்குவாட் பிடித்துவிட்டது. வலைக்கு வரி 5 சதவீதம்தான், ஆனால் தண்டம் அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு. 3 லட்சம் ரூபாய் வலை என்றால் 30,000. பதில் எழுதி, அலைந்து, கடைசியில் கட்டித்தான் மீட்டோம்.

குளச்சல் லோடு வண்டி

சொந்தப் பழைய வலைக்கும் பில் கேட்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

நாகர்கோவில் வலை வியாபாரம்

ஜிஎஸ்டி பதிவு இல்லாத மீனவர் தன் சரக்கைத் தானே கொண்டுபோனால் ஈ-வே பில் போடுவது அவர் விருப்பம்தான், விதி 138-லேயே இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ரோட்டில் விதி பேசி ஜெயித்தவன் யார்? படகுப் பதிவுச் சான்று நகல், மீனவர் அடையாள அட்டை, ‘பழைய வலை, விற்பனைக்கு அல்ல’ என்று சங்கத்தில் ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். பழைய வலை பார்த்தாலே தெரியும், செதிலும் நாற்றமும் போகாது. சில சமயம் அதுவே போதும்.

மினி லாரி, தேங்காய்ப்பட்டணம்

பெர்மிட் பற்றி ஒரு வார்த்தை. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. குட்டியானைக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம். வண்டி பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரே பெயரில் பெரிய மாடலும் வருகிறது, ஆர்சியில் பாருங்கள். லைசென்ஸ் விஷயமும் 2024 நவம்பரில் தெளிவாகிவிட்டது: 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு.

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற நேஷனல் பெர்மிட் வண்டியில் முனம்பத்தில் வலை இறக்கினேன். அங்கேயே ஒருவர், கோழிக்கோடு பக்கம் பேப்பூருக்கு ஒரு அவுட்போர்டு இன்ஜினும் கொஞ்சம் கயிறும் இருக்கிறது, வாடகை தருகிறேன் என்றார். காலி வண்டிதானே என்று ஏற்றினேன். திருச்சூர் தாண்டி மறித்தார்கள். வெளி மாநில வண்டி அந்த மாநிலத்துக்குள்ளேயே ஒரு இடத்தில் ஏற்றி இன்னொரு இடத்தில் இறக்கக் கூடாதாம். இன்ஜின் பில்லில் இரண்டு ஊரும் கேரளா, பேச வாயில்லை. கிடைத்த வாடகைக்கு மேல் சலான்.

கடலூர் ஃபைபர்

இன்ஜினோடு பெட்ரோல் கேனும் ஏற்றுவீர்களா? விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் பெட்ரோல் கொண்டுபோகலாம்.

மினி லாரி, தேங்காய்ப்பட்டணம்

கேன் ஏற்றுவதே இல்லை. இன்ஜின் டேங்கையும் வடித்துவிடச் சொல்வேன். திரும்பி வரும்போது ஈர வலை ஏற்றுகிறவர்கள் மட்டும் எடைமேடையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் குடித்த வலை, போகும்போது இருந்த எடையில் திரும்பி வராது. எடை போட மறுத்து வண்டியை எடுத்தால் 40,000, அதை வேறு யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன்.