புதுப்பிப்பு: மகனின் விரலிடுக்கு அரிப்பு, ஸ்கேபிஸ்தான், குணமாகிவிட்டது (ரங்கூன்)

எட்டு வயது மகனுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிக் கொப்புளம், ராத்திரியானால் தூங்கவிடாத அரிப்பு என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?" என்று கேட்ட அக்காவால்தான் வழி பிறந்தது. விசாரித்தால், மாமியாருக்கும் அரித்திருக்கிறது. வேர்க்குரு என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தார், பாவம்.

தோல் மருத்துவர் பார்த்ததுமே ஸ்கேபிஸ், அதாவது சிரங்குப் பூச்சியால் வரும் அரிப்பு என்றார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. நான் கடையில் வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பை உடனே நிறுத்தச் சொன்னார். அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. மாமியார் அரைத்துப் பூசிய தனக்காவும் (பர்மாவில் தோலில் பூசும் மரப்பட்டை விழுது) குளிர்ச்சி தந்தது, பூச்சி போகவில்லை.

தீர்த்தது பூச்சியைக் கொல்லும் 5 சதவீதப் பெர்மெத்ரின் கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண்ணும் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளியல். வீட்டில் ஐந்து பேரும் ஒரே இரவில் பூசினோம். அரிப்பே இல்லாதவர்களும்தான், இதை விட்டால் திரும்ப வந்துவிடும். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. விரிப்பு, லுங்கி, பள்ளிச் சீருடை எல்லாம் கொதிநீரில் துவைத்தோம். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தோம்.

எதிர்பாராதது ஒன்று: அதன் பிறகும் பத்து நாள் அரித்தது. பயந்துபோய் மூன்றாம் முறை பூசப் போனேன். செத்த பூச்சிக்கு உடல் காட்டும் ஒவ்வாமை அது, சில வாரம் இருக்கும், புதுக் கொப்புளம் வராதவரை மருந்து வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தார். அப்படியே அடங்கிவிட்டது.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனின் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவனுக்கும் இருந்திருக்கிறது.